மானியத்தை எடுத்தால் நாங்கள் குப்பி விளக்குக்கே போவதா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வியை மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்: "போன வீடியோவில் எரிபொருள் மானியம், கரண்ட் மானியம் எல்லாம் வீண் செலவு, அரசாங்கம் எல்லாவற்றிலும் கையை வைக்கக் கூடாது என்று பேசினீர்கள். எங்கள் லயத்தில் மூன்று காம்பராவுக்கு ஒரே மீட்டர். இருக்கிற மானியத்தையும் எடுத்துவிட்டால் நாங்கள் குப்பி விளக்குக்கே போவதா? நீங்கள் கம்பெனித் துரைமார் பக்கமா?"

சரி அக்கா. நான் துரைமார் பக்கம் இல்லை. அவர்களுக்கும் இந்த நாட்டில் சலுகை குறைவில்லை, அதை வேறொரு நாள் பேசலாம். ஆனால் உங்கள் கேள்வியின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், மூன்று காம்பராவுக்கு, மூன்று குடும்பத்தின் அறைகளுக்கு, ஒரே மீட்டர் என்கிறீர்கள். நான் சொல்ல வந்த விஷயம் முழுக்க அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது. அதை வைத்தே கணக்குப் போடுவோம், பேனா இருந்தால் எடுங்கள்.

2022 ஓகஸ்ட் வரை இருந்த பழைய கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். மானியம் கொழுத்திருந்த காலம் அதுதான். மாதம் 30 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டுக்கு ஒரு யூனிட் 2 ரூபாய் 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபாய். மொத்தம் 105 ரூபாய். ஏழைக்கான விலை என்று அரசாங்கம் பெருமையாகச் சொன்னது இதைத்தான். இப்போது உங்கள் லயத்துக்கு வருவோம். மூன்று குடும்பமும் ஆளுக்கு 30 யூனிட்தான் எரிக்கின்றன. ஆனால் மீட்டர் ஒன்று என்பதால் மின்சார சபையின் கண்ணுக்கு அது 90 யூனிட் எரிக்கும் ஒரே வீடு. 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் 60 யூனிட்டுக்கும் 7 ரூபாய் 85 சதம், அடுத்த 30 யூனிட்டுக்குப் பத்து ரூபாய், நிலையான கட்டணம் 90 ரூபாய். கூட்டினால் 861 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு 287.

இனி நுவரெலியாவுக்குப் போவோம். கொழும்பில் இருக்கும் ஒருவருக்கு அங்கே ஒரு விடுமுறை பங்களா. ஏப்ரல் சீசனுக்கு வருவார்கள், மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும். காவல்காரர் ஒரு பல்ப் போட்டு வைத்திருப்பார். அந்த மாதங்களில் 30 யூனிட்டைத் தாண்டாது. பில் 105 ரூபாய். பங்களாக்காரருக்கு ஏழை விலை, கொழுந்து பறிக்கிற உங்களுக்கு அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். இதில் யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. சட்டப்படியே நடந்தது. மானியம் ஆளைப் பார்க்காமல் மீட்டரைப் பார்த்ததால் வந்த வினை இது. நான் வீண் என்று சொன்னது இந்த மாதிரி மானியத்தை.

மண்ணெண்ணெய் கதை இதைவிட மோசம். 1979இல் உணவு முத்திரையோடு மண்ணெண்ணெய் முத்திரையும் கொடுத்தார்கள். அது ஆளைப் பார்த்துக் கொடுத்த உதவி, குடும்பத்தின் பெயரில் கைக்கு வந்தது. பிற்காலத்தில் உதவியை எண்ணெயின் விலைக்குள்ளேயே பூட்டினார்கள். 2022 நடுப்பகுதியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய், டீசல் 400 ரூபாயைத் தாண்டியிருந்தது. இப்படி ஒரு வித்தியாசத்தை வைத்துவிட்டு மண்ணெண்ணெய் லயத்துக்குத்தான் போகும் என்று எதிர்பார்க்க முடியுமா? பஸ்ஸும் லொறியும் டீசலில் அதைக் கலந்து ஓடின. விளக்குக்கு ஒரு போத்தல் வாங்கப் போனவர்கள் எண்ணெய் செட்டில் கேனோடு நாள் முழுக்க நின்றார்கள். கடைசியில் அந்த ஓகஸ்ட் மாதம் ஒரே இரவில் 87 ரூபாயை 340 ஆக்கினார்கள். லொறிக்காரர் டீசலுக்குத் திரும்பிவிட்டார். குப்பி விளக்கு எரித்தவர் எதற்குத் திரும்புவார்?

எங்கே தள்ளுபடி இருக்கிறதோ அங்கே பெரிய பாத்திரம் வைத்திருப்பவன் முதலில் போய் நிற்பான். இதைச் சொன்னால் ஏழைக்கு எதிராகப் பேசுகிறேன் என்று கமெண்ட் வருகிறது. வரட்டும்.

இனி, அந்த மலிவு விலைக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2014 செப்டம்பரில் மின் கட்டணத்தை 25 வீதம் குறைத்தார்கள். அடுத்த ஜனவரி 8ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். நான் எதுவும் சொல்லவில்லை, திகதியை மட்டும் சொல்கிறேன். அதன்பிறகு ஏறத்தாழ எட்டு வருடம் எந்த அரசாங்கமும் அந்த விலையைத் தொடவில்லை. டொலர் ஏறியது, நிலக்கரி ஏறியது, எண்ணெய் ஏறியது, விலைப் பட்டியல் மட்டும் அப்படியே இருந்தது. நட்டத்தை மின்சார சபை சுமந்தது, அது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குக் கடன், கூட்டுத்தாபனம் அரச வங்கிக்குக் கடன். திறைசேரியில் இல்லாத பணத்தை மத்திய வங்கி அச்சடித்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். மின்சார நட்டம் மட்டும்தான் இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். வரிக்குறைப்பு, வெளிநாட்டுக் கடன், கொரோனா என்று பல கைகள் சேர்ந்து செய்த வேலை. ஆனால் அந்த நட்டமும் அதில் ஒரு கை. அதாவது அக்கா, மலிவு பில்லில் மிச்சம் பிடித்ததை கோதுமை மாவிலும் அரிசியிலும் உங்களிடமிருந்தே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மாவு வாங்கும் பில்லில் இது மின்சார நட்டத்துக்கு என்று எழுதியிருக்காது, அதனால் நமக்குத் தெரியவில்லை.

பிறகு சர்வதேச நாணய நிதியம் வந்தது, செலவுக்கு ஏற்ற விலை வேண்டும் என்றது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம் கூட்டினார்கள். 30 யூனிட் எரித்த வீட்டின் 105 ரூபாய் பில் 1300 ரூபாயானது. பன்னிரண்டு மடங்கு! அதே நேரம் 200 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் அளவில் இருந்தது பன்னிரண்டாயிரத்துக்குக் கிட்ட வந்தது, இரண்டு மடங்கை விடக் கொஞ்சம் கூட. ஏற்றும்போது யாருக்கு அதிகமாக ஏறியது என்று பாருங்கள். வருடக்கணக்கில் பொய் விலையில் பழக்கி வைத்துவிட்டு ஆறே மாதத்தில் உண்மை விலையைத் தலையில் போட்டால் இப்படித்தான் ஆகும். பின்னர் குறைத்தார்கள், நடுவில் கூட்டவும் செய்தார்கள், அது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் ரெட் பில் வந்து கரண்ட் வெட்டினார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு காவல்காரர் இருக்க வேண்டும் என்றுதான் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை உண்டாக்கினார்கள். அரசாங்கம் கேட்டவுடன் விலையைக் கூட்டவோ குறைக்கவோ விடாமல் கணக்குக் கேட்பது அதன் வேலை. 2023இல் அதன் தலைவர் ஜானக ரத்நாயக்க கட்டண உயர்வை எதிர்த்தார். அந்த மே மாதமே பாராளுமன்றம் வாக்கெடுத்து அவரை நீக்கியது. அவர் மேல் வேறு குற்றச்சாட்டுகளும் சுமத்தினார்கள், அவர் சொன்னதெல்லாம் சரி என்றும் நான் வாதாட வரவில்லை. ஆனால் நடுவரை ஆட்டக்காரரே மாற்றலாம் என்றால் அப்புறம் எதற்கு நடுவர்?

அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்று நான் சொன்னதற்கு இது ஓர் உதாரணம். மலையகத்தில் பிறந்தவனுக்கு இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1948இல் ஒரு சட்டத்தால் நம் பாட்டன் பூட்டனின் குடியுரிமையைப் பறித்தது அரசாங்கம்தான். 1964இல் டில்லியில் உட்கார்ந்து இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பிரித்ததும் இரண்டு அரசாங்கங்கள்தான். 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, அந்தக் காலத்துப் பஞ்சத்தை வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். 1992இல் நிர்வாகத்தைத் திரும்பவும் கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். 2021இல் ஒரே வர்த்தமானியில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள், தேயிலை மஞ்சளாகிப் போனபிறகு அந்த வருடமே திருப்பி எடுத்தார்கள். மேசையில் போடும் ஒரு கையெழுத்து மலையில் என்ன செய்யும் என்று நமக்கு அனுபவம் இருக்கிறது.

எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுத்த கியூஆர் பாஸையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலையில் வந்தது, வரிசையைக் குறைத்தது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பங்கை எப்படிப் பிரித்தார்கள்? தொடக்கத்தில் வாரத்துக்கு ஆட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். வீட்டில் இரண்டு கார் இருந்தால் 40. ஹட்டனிலிருந்து தோட்டத்துக்கு ஏற்றத்தில் ஆட்டோ ஓட்டி, பிரசவ வலி வந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற தம்பிக்கு 5 லீற்றர் எந்த மூலைக்கு? அங்கே ஆளைப் பார்க்காமல் மீட்டரைப் பார்த்தார்கள், இங்கே நம்பர் பிளேட்டைப் பார்த்தார்கள்.

சூரிய மின்சாரம் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் 2016இல் தொடங்கிய திட்டத்தில், கூரையில் சூரியத் தகடு போட்டவர் சபைக்கு விற்கும் கரண்டுக்கு முதல் 7 வருடம் யூனிட்டுக்கு 22 ரூபாய், அதன்பின் 20ஆவது வருடம் வரை 15 ரூபாய் 50 சதம் என்று விலை எழுதிக் கொடுத்தார்கள். தகட்டின் விலை அதன்பிறகு உலகம் முழுக்க விழுந்தது, ஒப்பந்தம் விழவில்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரம் எடுக்க ஆள் இல்லாமல், பகலில் தகட்டை நிறுத்தி வையுங்கள் என்று சபையே கேட்டுக்கொண்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியது என்று அமைச்சர் சொன்னார். குரங்கைக் குறை சொல்லிப் பயனில்லை, சேமிக்க பற்றரியும் தாங்க வலையமைப்பும் இல்லாமல் விலையை மட்டும் அறிவித்தால் எந்தக் குரங்கும் போதும். சரி, இதில் நமக்கு எவ்வளவு பங்கு? லயத்துக் கூரை நம் பெயரிலேயே இல்லை. கூரை சொந்தமில்லாதவன் தகடு போட முடியாது. பெரிய கூரை இருந்தவர்களுக்குப் பெரிய பங்கு.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. லயங்களுக்குக் கம்பி இழுத்ததில் பொதுப் பணம் இருக்கிறது. தனியார் யாரும் லாபக் கணக்குப் பார்த்து மலை உச்சிக்கு மின்கம்பம் நட்டிருக்க மாட்டார்கள். லக்ஷபானவும் காசல்ரீயும் மவுசாகலையும் மேல் கொத்மலையும் பொதுப் பணத்தில்தான் எழுந்தன. அதெல்லாம் நல்ல செலவு. ஒரு முறை செலவழித்தால் தலைமுறைக்கு நிற்கும். ஆனால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: ஒரு காலத்தில் பல தோட்டங்களில் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, பக்கத்து ஓடையிலேயே சொந்தமாக டர்பைன் சுற்றியது. மின்சார சபையின் கரண்ட் வந்ததும் இதை யார் பராமரிப்பது என்று கைவிட்டார்கள். இன்றும் சில தோட்டங்களில் அந்தக் குழாய் துருப்பிடித்துக் கிடக்கிறது. தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக. உதவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலைக்குள் ஒளித்து வைக்காமல் ஆளின் பெயரில் கையில் கொடுங்கள் என்கிறேன். அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும அப்படித்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், வழி சரிதான், ஆனால் 2023இல் பட்டியல் வந்தபோது லட்சக்கணக்கில் மேன்முறையீடு போனது. உதவி வேண்டிய எத்தனையோ பேர் அதில் இல்லை. அந்தப் பட்டியலைத் திருத்துவது கஷ்டமான வேலைதான். ஆனால் தப்பான பெயரைப் பட்டியலில் கண்டுபிடிக்கலாம், விலைக்குள் ஒளிந்திருக்கும் பங்களாக்காரரைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதைவிட அவசரமானது மீட்டர். மூன்று காம்பராவுக்கு மூன்று மீட்டர் வந்தால், விலைப் பட்டியலில் ஒரு சதம்கூட மாற்றாமலே உங்கள் பில் குறையும், மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். தனி இணைப்புக் கேட்டால் காணி யாருடையது, தோட்டத்தின் கடிதம் எங்கே என்று கேட்பார்கள். அதனால் தனியாகப் போகாதீர்கள். மூன்று குடும்பமும் சேர்ந்து தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் கடிதம் கேளுங்கள், பிரதி ஒன்றைக் கிராம சேவகரிடம் கொடுங்கள், ஒன்றை உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கொடுத்துத் திகதி முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஏன் மறுக்கிறார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள், அந்தத் தாளோடு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்பலாம். தேர்தலுக்கு வருகிறவர் கரண்ட் பில்லைக் குறைப்பேன் என்றால் கைதட்ட வேண்டாம் அக்கா, மீட்டர் எப்போது வரும் என்று கேளுங்கள்.

அடுத்தது மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி, சிலிண்டர் விலை பற்றிக் கேட்டிருக்கிறார்.