நேயர் கேள்வி: வீட்டில் சேர்த்துவைக்க எந்தக் கச்சேரிப் படங்கள்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் முதலில் இதை எடுத்துக்கொள்கிறேன். கோவையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். "வீட்டில் பாட்டுக்கென்றே ஒரு அலமாரி வைத்திருக்கிறேன். இசைத்தட்டு, சி.டி. எல்லாம் இருக்கிறது. மேடைக் கச்சேரிகளைப் படமாக எடுத்தவற்றையும் இனிமேல் சேர்க்கலாம் என்று ஆசை. வெளிநாட்டுப் படங்களில் எவை வாங்கலாம்? அப்பா கர்நாடக சங்கீதம் தவிர வேறெதுவும் கேட்கமாட்டார். அவரும் கூட உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒன்றாவது சொல்லுங்கள்." இதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பல வருடங்களாக நான் சேர்த்துவருகிறவை இவை.

நான் எப்படித் தேர்ந்தெடுக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சபாவுக்குப் போனால் நான் நடு வரிசையில் இடம் தேடமாட்டேன். பக்கவாட்டில், மிருதங்கக்காரர் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவேன். பாடகர் எதிர்பாராமல் ஒரு சங்கதியைப் போடும்போது அவர் முகம் சட்டென்று நிமிரும். வயலின்காரர் அதை அப்படியே திருப்பித் தரப்போகிறாரா, பாதியில் விட்டுவிடப் போகிறாரா என்பது வில்லைப் பிடித்திருக்கிற விதத்திலேயே தெரியும். மேடையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கேட்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கிறோமே, அது சி.டி.யில் வராது. அதைக் காட்டுகிற படத்தைத்தான் வாங்குவேன். இரண்டு நொடிக்கு ஒருமுறை வெட்டி வெட்டி, கூட்டத்தின் தலைக்கு மேலே கேமராவைப் பறக்கவிட்டு எடுத்த படம் எத்தனை பெரிய நட்சத்திரத்துடையதாக இருந்தாலும், இரண்டாம் தடவை போட்டுப் பார்க்கத் தோன்றுவதில்லை.

அந்தக் கணக்கில் என் அலமாரியில் முதல் இடம் 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' படத்துக்கு. 'டாக்கிங் ஹெட்ஸ்' என்ற அமெரிக்கக் குழுவின் கச்சேரி. 1983 டிசம்பரில் ஹாலிவுட்டில் உள்ள பான்டேஜஸ் அரங்கில் சில இரவுகள் நடந்ததைப் படம் பிடித்தார்கள். 1984இல் வெளிவந்தது. இயக்கியவர் ஜோனதன் டெம்மி. ஒளிப்பதிவு ஜோர்டன் குரோனன்வெத், 'பிளேட் ரன்னர்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர்.

படம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? வெறும் மேடை. பின்திரை இல்லை, வாத்தியங்கள் இல்லை. பின்சுவரும் ஏணியும்கூடக் கண்ணுக்குத் தெரிகின்றன. குழுவின் பாடகர் டேவிட் பைர்ன் ஒரு கிட்டாரோடும் கேசட் பெட்டியோடும் தனியாக நடந்து வருகிறார். பெட்டியைக் கீழே வைத்து, ஒரு டேப் போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறார். (அந்தத் தாளம் பெட்டியிலிருந்து வருவதுபோல் இருக்கும். உண்மையில் அது தாளம் போடும் டிரம் மிஷினிலிருந்து, ஒலிகளைக் கலக்கும் பலகை வழியாக வருவது.) இரண்டாம் பாட்டுக்கு டினா வேமௌத் பேஸ் கிட்டாரோடு வந்து பக்கத்தில் நிற்கிறார். மூன்றாம் பாட்டுக்கு கறுப்பு உடை போட்ட மேடைப் பணியாளர்கள் டிரம்ஸ் மேடையைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், கிறிஸ் பிரான்ட்ஸ் வந்து உட்காருகிறார். நான்காவதுக்கு ஜெர்ரி ஹாரிசன். இப்படியே பாட்டுக்கு ஒருவராக, இருவராகச் சேர்ந்து, கடைசியில் மேடையில் ஒன்பது பேர்.

எனக்கு இது நம் கச்சேரியில் தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருக்க, பாடகர் ஆலாபனையைத் தொடங்கி, வயலின் பின்தொடர்ந்து, பல்லவி எடுக்கும்போது மிருதங்கம் வந்து விழுகிற மாதிரிதான். ஒவ்வொரு வாத்தியமும் எதற்காக இருக்கிறது என்று தனித்தனியாகக் காதில் விழுந்துவிடுகிறது. பேஸ் கிட்டார் என்ன செய்கிறது என்றே பிடிபடவில்லை என்பவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது இந்தப் படத்தின் இரண்டாம் பாட்டைத்தான். அதற்கு முன்னால் இல்லாதது ஒன்று இப்போது வந்திருக்கிறது என்று உடனே தெரியும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். முடிகிற நேரம் வரைக்கும் டெம்மி ரசிகர் கூட்டத்தைக் காட்டுவதேயில்லை என்று சொல்லலாம். யாரோ கைதட்டிக் குதிப்பதைக் காட்டி நம்மையும் குதிக்கச் சொல்லவில்லை. கேமரா மேடையிலேயே நிற்கிறது. பைர்னுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிற அலெக்ஸ் வியரின் சிரிப்பை, பின்னால் கீபோர்டில் இருக்கிற பெர்னி வொரெலின் பார்வையைக் காட்டுகிறது. 2023இல் இதை 4கே தரத்தில் புதுப்பித்துத் திரையரங்குகளில் மறுபடி வெளியிட்டார்கள். வாங்குவதாக இருந்தால் அந்தப் பதிப்பையே தேடுங்கள்.

அடுத்தது 'அமேசிங் கிரேஸ்'. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குத் தொண்டை கொஞ்சம் அடைத்துக்கொள்ளும். 1972 ஜனவரி 13, 14 ஆகிய இரண்டு இரவுகள், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயம். அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின், தான் சிறுவயதில் பாடி வளர்ந்த காஸ்பல் பாட்டுகளை, அதாவது தேவாலயப் பக்திப் பாட்டுகளைப் பாடுகிறார். அப்போது அவருக்கு 29 வயது. ஒலிப்பதிவு அதே வருடம் இரட்டை இசைத்தட்டாக வந்து பிரமாதமாக விற்றது. படம் மட்டும் வரவேயில்லை. காரணம் மிகச் சின்னது. படமெடுத்த சிட்னி போலாக் கிளாப் அடிக்கவில்லை.

நம் ஊர் படப்பிடிப்பில் பார்த்திருப்பீர்கள், ஷாட் தொடங்கும்போது ஒருவர் பலகையைத் தட்டுவார். கேமரா வேறு, ஒலிப்பதிவுக் கருவி வேறு. அந்தத் தட்டல் படத்திலும் தெரியும், ஒலியிலும் கேட்கும். இரண்டையும் பொருத்துவதற்கு அதுதான் முடிச்சு. அது இல்லாமல் பல கேமராக்கள் நின்று நின்று எடுத்த துண்டுகளில் எந்த உதட்டசைவு எந்தச் சொல்லுக்கு என்று கண்டுபிடிப்பது அந்தக் காலத்தில் முடியாத காரியமாகிவிட்டது. சுருள்கள் பெட்டிக்குள் போய்விட்டன. பல வருடம் கழித்து ஆலன் எலியட் என்ற தயாரிப்பாளர் அதைக் கையிலெடுத்து, கணினி உதவியோடு பொருத்தி முடித்தார். ஆனால் வெளியிட அரீத்தா சம்மதிக்கவில்லை, நீதிமன்றம் வரை போய்த் தடுத்தார். 2018 ஆகஸ்டில் அவர் காலமான பிறகு, குடும்பத்தாரின் ஒப்புதலோடு அந்த வருடமே திரைக்கு வந்தது.

அவர் தடுத்த ஒன்றைப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். நானும் யோசித்திருக்கிறேன். குடும்பத்தார் கூடி முடிவெடுத்தார்கள் என்பதால் என் மனம் சமாதானமாயிற்று. உங்கள் மனசுக்கு எப்படிப் படுகிறதோ அப்படிச் செய்யுங்கள்.

படத்தில் அரீத்தா பேசுவதே மிகக் குறைவு. கண்ணை மூடிப் பாடுகிறார், வியர்வை வழிகிறது. அவர் பியானோவில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போது அவருடைய அப்பா, போதகர் சி.எல். ஃபிராங்க்ளின், எழுந்து வந்து மகளின் முகத்தைத் துணியால் துடைத்துவிடுகிறார். அரீத்தா பாட்டை நிறுத்தவில்லை. படத்துக்குப் பெயர் தந்த பாட்டின் நடுவே, அதுவரை பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் கிளீவ்லாண்ட் தாங்கமுடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார். பின்னால் நிற்கிற பாடகர் குழுவைப் பாருங்கள். அவர்கள் பாடவேண்டியவர்கள் என்பதையே மறந்து கேட்கிறார்கள். இசைத்தட்டில் இந்தப் பாட்டை நூறு தடவை கேட்டிருந்தேன். அங்கே கேட்கிற சின்னச் சின்ன கூக்குரல்களுக்கெல்லாம் முகம் இருக்கிறது என்று படம் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சரி, அடுத்து 'தி லாஸ்ட் வால்ட்ஸ்'. 'தி பேண்ட்' என்ற ராக் குழுவின் பிரியாவிடைக் கச்சேரி, 1976 நவம்பர் 25, சான் பிரான்சிஸ்கோ. இயக்கியவர் மார்ட்டின் ஸ்கோர்செஸி, படம் வந்தது 1978இல். பாப் டிலன், ஜோனி மிட்செல், நீல் யங், வான் மாரிசன் என்று விருந்தினர் வரிசை நீளம். இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கேமரா கிட்டார்க்காரர் ராபி ராபர்ட்சன் மேலேயே அதிகம் இருக்கிறது, பியானோ வாசித்துப் பாடிய ரிச்சர்ட் மானுவல் முகம் சரியாகக் கிடைப்பதில்லை. ஒலியிலும் பல பகுதிகளைப் பிறகு ஸ்டூடியோவில் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் இரண்டு இடங்களுக்காக இதை வைத்திருக்கிறேன். ஒன்று, எரிக் கிளாப்டன் வாசிக்க ஆரம்பித்ததும் அவருடைய கிட்டார் பட்டை கழன்றுவிடுகிறது. அவர் கிட்டாரைப் பிடிப்பதற்குள், ஒரு தட்டுகூட விடாமல் ராபர்ட்சன் அந்த இடத்தை எடுத்து வாசித்துவிடுகிறார். இன்னொன்று, ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் பாடும் பாட்டு. அந்த நேரத்தில் மற்ற கேமராக்கள் ஓடவில்லை. லாஸ்லோ கோவாக்ஸ் வைத்திருந்த ஒன்று மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. வெட்டுவதற்கு வேறு காட்சி இல்லாததால் அந்தக் கிழவரின் முகத்தை விட்டுக் கேமரா நகரவில்லை. படத்திலேயே மிகச் சிறந்த நிமிடங்கள் அவைதான்.

'பிங்க் ஃபிளாய்ட்: லைவ் அட் பாம்பே' பற்றிப் பலர் கேட்பீர்கள். நம் பழைய பம்பாய் இல்லை, இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரம். 1971 அக்டோபரில் அங்குள்ள வட்டரங்கில் ரசிகர் ஒருவர்கூட இல்லாமல் வாசித்தார்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க அருமையாக இருக்கும். 2025இல் படத்தையும் ஒலியையும் புதுப்பித்து வெளியிட்டார்கள்.

'புவேனா விஸ்டா சோஷியல் கிளப்', 1999, கியூபாவின் வயதான கலைஞர்கள் பற்றி விம் வெண்டர்ஸ் எடுத்தது. பேட்டிகள் வந்து பாட்டுகளை வெட்டுகின்றன. அதனால் முழுக் கச்சேரி என்று வாங்காதீர்கள். ஆனால் ஓமாரா போர்ட்டுவாண்டோ மேடையில் பாடிக்கொண்டே கண்கலங்க, கூடப் பாடுகிற இப்ராஹிம் ஃபெரர் கண்ணீரைத் துடைத்துவிடுகிற ஓர் இடம் இருக்கிறது. அது போதும்.

வாங்கும் முன் ஒரு விஷயம். நான் ஆரம்பத்தில் ஏமாந்த இடம் இது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த டிஸ்க், ஆசை ஆசையாகப் பிரித்துப் போட்டால் ஓடவில்லை. டி.வி.டி.க்கு உலகத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா 1, இந்தியா 5. புளூரேயில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. டிஸ்க்கின் பின்னட்டையில் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். 4கே டிஸ்க்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், டி.வி.யின் பின்பக்கத்து ஸ்பீக்கரில் தயவுசெய்து இவற்றைக் கேட்காதீர்கள். ஐந்து ஸ்பீக்கர் வேண்டியதில்லை. நல்லதாக இரண்டே போதும். டிஸ்க்கின் மெனுவில் ஸ்டீரியோ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' படம் தொடங்கும்போதே சத்தமாக வைத்துக் கேளுங்கள் என்று திரையில் எழுத்து வரும். பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதன்படி செய்யுங்கள்.

இப்போது தம்பியின் அப்பா. அவருக்கு இரண்டு படங்கள். ஒன்று 'தி கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்'. 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். அகதிகளுக்கு உதவ வேண்டும் என்று ரவிசங்கர் கேட்டுக்கொண்டதால் 'பீட்டில்ஸ்' குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் ஏற்பாடு செய்த கச்சேரி. முதலில் ரவிசங்கர் சிதார், அலி அக்பர் கான் சரோத், அல்லா ரக்கா தபலா. அவர்கள் சுருதி சேர்த்து முடித்ததும் அரங்கமே கைதட்டுகிறது. சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசித்தீர்களென்றால் வாசிப்பதை இன்னும் ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று ரவிசங்கர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அப்பா இந்த இடத்தில் கட்டாயம் சிரிப்பார்.

இன்னொன்று 'மாண்டரே பாப்'. 1967 ஜூனில் கலிஃபோர்னியாவில் நடந்த விழா, பென்னிபேக்கர் எடுத்த படம், 1968இல் வந்தது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிட்டாரைக் கொளுத்துவதெல்லாம் இதில்தான். அப்பாவுக்கு அதைக் காட்டவேண்டாம். படத்தின் கடைசி ஏறத்தாழ 18 நிமிடம் முழுக்க ரவிசங்கரும் அல்லா ரக்காவும்தான். முதலில் கேமரா கூட்டத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு மெல்ல மேடைக்கு வந்து இருவர் கைகளிலும் முகங்களிலும் நின்றுவிடுகிறது. சிதார் ஒன்று சொல்ல, தபலா அதையே திருப்பிச் சொல்ல, வேகம் ஏற ஏற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். இந்துஸ்தானிதானே என்று அப்பா ஆரம்பத்தில் சொல்லலாம். தாளம் போடத் தெரிந்தவர் என்றால் அவர் கை தானாகத் தொடைக்குப் போய்விடும்.

நம் பக்கத்தில் இப்படி ஒன்றும் இல்லையா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' இருக்கிறது. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மாவைப் பற்றிய அரைமணி நேர ஆவணப்படம். கடற்கரையில் காற்று சேலையை இழுக்க இழுக்க அவர் 'கிருஷ்ணா நீ பேகனே' பாட்டுக்கு அபிநயம் பிடிக்கிறார், கேமரா நின்று பார்க்கிறது. கச்சேரிப் படம் என்று இதைச் சொல்லமுடியாது. ஆனாலும் என் அலமாரியில் அதே வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டிவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள் தம்பி. அடுத்த கேள்விக்குப் போகலாம்.