ஒரே கூட்டம், மூன்று எண்கள்: 26, 34, 50

வணக்கம். மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட் போன்றவற்றில் வரும் வெட்டும் கணங்கள், அதாவது பொதுவான உறுப்பினர்களைக் கொண்ட குழுக்கள், பற்றிய வினாக்களை இன்று எடுத்துக்கொள்வோம். அந்தத் தேர்வின் கணிதப் பகுதியில் 45 நிமிடங்களில் 21 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும், கணிப்பான் கிடையாது. ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடங்களைவிடச் சற்றே அதிகம் கிடைக்கும் நிலையில், பலரும் சூத்திரத்தை நினைவுபடுத்துவதில் நேரத்தைச் செலவிடுகிறார்கள். உண்மையில் அந்த நேரத்தை வினாவின் சொற்களை நிதானமாகப் படிப்பதில்தான் செலவிட வேண்டும்.

இரண்டு கணங்கள் மட்டும் இருந்தால் வட்டங்கள் வரைய வேண்டாம், நான்கு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை போதும். 150 மாணவர்களில் 90 பேர் இசை கற்கிறார்கள். இசை கற்பவர்களில் 40% பேர் நடனமும் கற்கிறார்கள். இரண்டையும் கற்காதவர்கள் 24 பேர். நடனம் கற்பவர்கள் மொத்தம் எத்தனை பேர்? 90-இல் 40% என்பது 36. இசை கற்காத 60 பேரில் 24 பேரைக் கழித்தால் நடனம் மட்டும் கற்பவர்களும் 36 பேர், ஆகவே விடை 72. ‘இசை கற்பவர்களில்’ என்ற சொல்லைக் கவனிக்காமல் 150-க்கு 40% கணக்கிட்டவருக்கு 96 கிடைக்கும். விடைத் தெரிவுகளில் 96 கட்டாயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே படியுங்கள். வினா அமைப்பவர் நம் அவசரத்தை நன்கு அறிந்தவர்.

இப்போது மூன்று கணங்களுக்கு வருவோம். இங்கேதான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். ஒரு சங்கத்தில் 100 உறுப்பினர்கள். கால்பந்து ஆடுபவர்கள் 52, டென்னிஸ் ஆடுபவர்கள் 45, நீந்துபவர்கள் 40. எதிலும் ஈடுபடாதவர்கள் 5. மூன்றிலும் ஈடுபடுபவர்கள் எத்தனை பேர்? இதைக் காண இன்னொரு செய்தி வேண்டும், அந்தச் செய்தியை வினா மூன்று விதமாகத் தரலாம். சரியாக இரண்டில் மட்டும் ஈடுபடுபவர்கள் 26 என்று சொல்லலாம். குறைந்தது இரண்டில் ஈடுபடுபவர்கள் 34 என்று சொல்லலாம். அல்லது இரண்டிரண்டாகப் பொதுவானவர்களைத் தனித்தனியே 18, 17, 15 என்று கொடுத்து, நாமே கூட்டி 50 என்று பெறும்படி விடலாம். மூன்றும் ஒரே கூட்டத்தைப் பற்றியவை.

மூன்றுக்கும் மூன்று சூத்திரங்களை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் தேர்வின் பதற்றத்தில் எதற்கு எது என்பது குழம்பிவிடும். அதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தாம் ஈடுபடும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சீட்டு எழுதித் தருவதாகக் கற்பனை செய்யுங்கள். 52, 45, 40 சேர்ந்து 137 சீட்டுகள். ஒவ்வொருவரின் முதல் சீட்டையும் முதல் குவியலில் போட்டால் அதில் 95 இருக்கும். மீதி 42 சீட்டுகள் இரண்டாவது, மூன்றாவது குவியல்களுக்குரியவை.

இரண்டாவது குவியலில் சீட்டு உள்ளவர்கள் குறைந்தது இரண்டில் ஈடுபடுபவர்கள். மூன்றாவது குவியலில் சீட்டு உள்ளவர்கள் மூன்றிலும் ஈடுபடுபவர்கள். எனவே 34 என்று தந்திருந்தால், 42-இல் அதைக் கழித்து விடை 8. ‘சரியாக இரண்டு’ என்று 26-ஐத் தந்திருந்தால், அந்த 26 பேர் இந்த 42-இல் ஒரு சீட்டும், மூன்றிலும் ஈடுபடுபவர்கள் இரண்டு சீட்டுகளும் வைத்திருப்பார்கள். மீதி 16-ஐ இரண்டால் வகுத்தால் மீண்டும் 8. கூட்டுத்தொகை 50 என்றால், அதில் மூன்றிலும் ஈடுபடுபவர் ஒவ்வொருவரும் மூன்று முறை எண்ணப்பட்டிருக்கிறார், 42-இலோ இரண்டு முறைதான். ஆகவே வித்தியாசமான 8-தான் விடை.

34-ஐ ‘சரியாக இரண்டு’ என்று தவறாகப் படித்தால் என்ன ஆகும்? 42-இல் 34 போக 8, அதை இரண்டால் வகுத்தால் 4. பின்னம் வராது, எதிர்மறை எண்ணும் வராது. பார்ப்பதற்கு மிக நேர்த்தியான விடை. இப்படி நேர்த்தியாக வரும் தவறுதான் மதிப்பெண்ணைப் பறிக்கிறது.

ஜான் வென் 1880-ஆம் ஆண்டு முன்வைத்த வட்டப் படத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட பகுதியை, எடுத்துக்காட்டாக டென்னிஸ் மட்டும் ஆடுபவர்களைக் கேட்டால், படம்தான் விரைவானது: நடுவில் 8-ஐ எழுதி வெளிநோக்கி நகருங்கள். கால்பந்தோடு பொதுவான 18-இல் 8 போக 10, நீச்சலோடு பொதுவான 15-இல் 8 போக 7. 45-இல் இந்த 8, 10, 7 ஆகியவற்றைக் கழித்தால் 20.

குறைந்தபட்சம், அதிகபட்சம் கேட்கும் வினாக்களுக்கும் சீட்டு முறை உதவும். 100 பேரில் 80 பேர் ஒன்றையும் 70 பேர் மற்றொன்றையும் விரும்பினால் 150 சீட்டுகள். முதல் குவியலில் 100-க்கு மேல் போக முடியாது என்பதால் குறைந்தது 50 பேர் இரண்டையும் விரும்ப வேண்டும். சிறிய கணமே 70 என்பதால் அதிகபட்சம் 70. எதையும் விரும்பாதவர்கள் 10 பேர் என்று வினா சேர்த்துச் சொன்னால், முதல் குவியலின் அளவு 90 ஆகிவிடும். அப்போது குறைந்தபட்சமோ அதிகபட்சமோ இல்லை, விடை 60 என்று ஒரே எண்தான்.