அமெரிக்காவின் கேபிளிலேயே அமெரிக்காவுக்கு எதிராகப் போன ரகசியத் தந்தி! 1917இல் என்ன நடந்தது?

[திரையில்: எண்கள் மட்டுமே நிரம்பிய பழைய தந்தித் தாள்]

இந்தத் தாளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 130, 13042, 13401 என்று ஆரம்பித்துக் கடைசிவரைக்கும் வெறும் எண்கள்தான். ஆனால் அமெரிக்காவின் டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா மூன்றையும் மெக்சிகோ திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஜெர்மனி துணை நிற்கும் என்ற பேரம் இந்த எண்களுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அனுப்பியவர் ஜெர்மனியின் வெளியுறவுப் பொறுப்பில் இருந்த ஆர்தர் ஜிம்மர்மன். அதை அனுப்பியது எந்த வழியாக என்று கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள், அமெரிக்க அரசின் சொந்தத் தூதரகக் கேபிள் வழியாக! இதைச் சொல்லத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன், கடைசிவரை பாருங்கள்.

முதலில் பின்னணியை வேகமாகப் பார்த்துவிடலாம். வெளிநாடுகளுடன் நிரந்தரக் கூட்டணி எதுவும் வேண்டாம் என்று ஜார்ஜ் வாஷிங்டன் 1796இலேயே எழுதிவைத்துவிட்டுப் போனார். நடுவில் அட்லாண்டிக் கடல் இருக்கிறது, ஐரோப்பாக்காரர்கள் அடித்துக்கொண்டால் நமக்கென்ன என்பதுதான் அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே ஓடிய நினைப்பு. 1914இல் முதல் உலகப் போர் வெடிக்கிறது. அந்த செப்டம்பரில் எம்டன் கப்பல் நம்ம சென்னை மீதே குண்டு வீசிவிட்டுப் போனது, அவ்வளவு தூரத்துக்குப் பரவிய போர் அது. அப்போதும் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், செயலில் மட்டுமல்ல, மனத்தளவிலும் நாம் நடுநிலையாக இருக்க வேண்டும் என்றார்.

1915 மே 7. அயர்லாந்து கரைக்குப் பக்கத்தில் லூசிட்டானியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று தாக்குகிறது. 18 நிமிடத்தில் கப்பல் மூழ்கிவிட்டது, ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள், அதில் 128 பேர் அமெரிக்கர்கள். இந்தக் கப்பலால்தான் அமெரிக்கா போருக்குள் வந்தது என்று பலரும் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். தேதியைப் பாருங்கள், அமெரிக்கா போரில் இறங்கியது அதற்கு ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து! நடுவில் 1916 தேர்தலில் ‘நம்மைப் போருக்கு வெளியே வைத்திருந்தவர்’ என்ற கோஷத்தோடுதான் வில்சனுக்கு ஓட்டுக் கேட்டார்கள், நூலிழையில் ஜெயித்தும்விட்டார். பணம் மட்டும் நடுநிலையாக இல்லை. பிரிட்டன், பிரான்ஸ் பக்கத்துக்கு அமெரிக்க வங்கிகள் கொடுத்த கடன் 200 கோடி டாலரைத் தாண்டியிருந்தது, ஜெர்மனிக்குப் போனது அதில் சின்னத் துளிதான்.

சரி, இப்போது தந்திக்கு வருவோம்.

[திரையில்: வரைபடம் – பெர்லின், கோபன்ஹேகன், லண்டன், வாஷிங்டன், மெக்சிகோ]

போர் தொடங்கிய முதல் நாட்களிலேயே பிரிட்டன் ஒரு காரியம் செய்தது. ஜெர்மனியின் கடலடிக் கேபிள்களைக் கப்பலை அனுப்பி வெட்டிவிட்டது. அதனால் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ரகசியச் செய்தி அனுப்ப ஜெர்மனிக்குச் சொந்தக் கம்பி கிடையாது. வில்சனோ எப்படியாவது சமாதானம் பேசி முடித்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார், பேச்சுவார்த்தைக்கு உதவுமே என்று எங்கள் தூதரகக் கேபிளிலேயே உங்கள் செய்திகளைச் சங்கேதத்தில் அனுப்பிக்கொள்ளுங்கள் என்று ஜெர்மனிக்கு அனுமதி கொடுத்தார். 1917 ஜனவரி 16ஆம் தேதி ஜிம்மர்மன் அதே வழியில் இந்தத் தந்தியை அனுப்புகிறார். கன்னம் வைக்கப் போகிற வீட்டுக்காரரிடமே கடப்பாரையை இரவல் வாங்குவது என்றால் இதுதான்!

உள்ளே இருந்த விஷயம் இது. பிப்ரவரி 1 முதல் நீர்மூழ்கிகள் கட்டுப்பாடில்லாமல் கப்பல்களைத் தாக்கும். அமெரிக்காவை நடுநிலையில் வைக்க முயல்வோம், முடியாவிட்டால் மெக்சிகோ நம்மோடு சேரட்டும், பணம் தருகிறோம், பழைய நிலத்தை அவர்கள் மீட்டுக்கொள்ளட்டும், ஜப்பானையும் இழுத்துப் பார்க்கட்டும்.

அந்தக் கேபிள் பிரிட்டன் வழியாகத்தான் போகிறது, பிரிட்டன் அதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. லண்டனில் கடற்படைத் தலைமையகத்தில் ‘அறை எண் 40’ என்று ஒரு குழு, சங்கேதங்களை உடைப்பதுதான் அவர்கள் வேலை. நைஜல் டி கிரே, வில்லியம் மாண்ட்கோமரி இருவரும் உட்கார்ந்து தந்தியின் ஒரு பகுதியைப் பிரித்துவிட்டார்கள். அவர்களுடைய தலைவர் ரெஜினால்ட் ஹால் கையில் இப்போது தங்கப் புதையல், ஆனால் வெளியே எடுக்க முடியாது. எடுத்தால் சங்கேதம் உடைந்தது ஜெர்மனிக்குத் தெரிந்துவிடும். அதைவிட மோசம், உங்கள் கேபிளை நாங்கள் ஒட்டுக்கேட்கிறோம் என்று அமெரிக்காவிடமே ஒப்புக்கொள்ள வேண்டி வரும்.

ஹால் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பவே பிடித்தது. வாஷிங்டனுக்கு வந்த தந்தியை அங்கிருந்த ஜெர்மன் தூதர் சாதாரணத் தந்தி நிறுவனம் மூலமாகத்தானே மெக்சிகோவுக்கு அனுப்பியிருப்பார், அப்படியென்றால் மெக்சிகோ தந்தி அலுவலகத்தில் ஒரு நகல் இருக்கும் இல்லையா, அதை ஆள் வைத்துக் கைப்பற்றிவிட்டார்! மெக்சிகோவில் புதிய சங்கேதப் புத்தகம் இல்லாததால் அந்த நகல் பழைய சங்கேதத்தில் இருந்தது, அது பிரிட்டனுக்கு ஏற்கெனவே பெருமளவு தெரிந்தது. இப்போது எல்லோரும், ஜெர்மனி உட்பட, மெக்சிகோவில்தான் கசிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், அந்தச் சங்கேதப் புத்தகத்தில் அரிசோனாவுக்குத் தனி எண்ணே இல்லை, அதனால் ‘அர்-இஸ்-ஓன்-ஆ’ என்று நான்கு துண்டாக உடைத்து நான்கு எண்களில் எழுதியிருந்தார்கள்.

மார்ச் 1. அமெரிக்கப் பத்திரிகைகளில் முதல் பக்கச் செய்தி. உடனே, இது பிரிட்டனின் போலிக் கடிதம், நம்மைப் போருக்கு இழுக்கச் செய்த வேலை என்று கணிசமான பேர் சொன்னார்கள், நானும் அப்போது அங்கே இருந்திருந்தால் அப்படித்தான் சந்தேகப்பட்டிருப்பேன். ஜிம்மர்மன் ஒரே வரியில் மறுத்திருந்தால் போதும். மார்ச் 3ஆம் தேதி பெர்லினில் நிருபர்களைச் சந்தித்தபோது, மறுக்க முடியாது, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்! அமெரிக்கா முதலில் போர் தொடுத்தால் மட்டும்தானே இந்தத் திட்டம், இதில் என்ன தப்பு என்பது அவருடைய வாதம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் ஆச்சரியம் குறைவதில்லை.

என் கருத்தைச் சொல்கிறேன். தந்தி ஒன்றே அமெரிக்காவைப் போருக்கு அனுப்பவில்லை, மார்ச் மாதத்தில் அமெரிக்க வணிகக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கடிக்கப்பட்டதும் பெரிய காரணம். ஆனால் கப்பல்கள் நியூயார்க், பாஸ்டன்காரர்களின் கவலை. கடலையே பார்த்திராத உள்நாட்டு மாநில விவசாயிக்கு இது தன் சண்டை என்று அதுவரை எதுவும் உணர்த்தவில்லை. ஒதுங்கியிருந்ததற்கு ஒரே பலமான நியாயம் தூரம்தான், டெக்சாஸ் என்று பெயர் சொன்னதும் அந்தத் தூரம் போய்விட்டது. அதற்கு முந்தைய வருடம்தான் மெக்சிகோவின் புரட்சித் தலைவர் பாஞ்சோ வியா எல்லை தாண்டி நியூ மெக்சிகோவில் கொலம்பஸ் ஊரைத் தாக்கியிருந்தார், அந்தப் பயம் ஆறவே இல்லை. இத்தனைக்கும் மெக்சிகோ அரசு இந்தப் பேரமே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது.

ஏப்ரல் 2ஆம் தேதி வில்சன் நாடாளுமன்றத்தில் போருக்கு ஒப்புதல் கேட்டார். செனட்டில் 82க்கு 6. கீழவையில் 373க்கு 50. ஏப்ரல் 6 முதல் போர். வெளியே வைத்திருந்தவர் என்று நம்பி ஓட்டுப் போட்டு ஐந்தே மாதம்! பிறகு சுமார் 20 லட்சம் வீரர்கள் பிரான்ஸுக்குப் போனார்கள், 1,16,000 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள், பாதிப் பேர் நோயால்.

அந்த 50 பேரைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை. அதில் ஒருவர் ஜெனட் ராங்கின், மொன்டானாவிலிருந்து வந்தவர், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண். நாட்டின் பக்கம் நிற்க விரும்புகிறேன், ஆனால் போருக்கு ஓட்டுப் போட என்னால் முடியாது என்றார். 1941இல் ஜப்பான் நடத்திய பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு அடுத்த நாள் அதே அவையில் மறுபடியும் உறுப்பினராக இருந்தார், ஜப்பானுடன் போருக்கு 388 பேர் ஆம் என்று சொன்னபோது வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். சரியோ தப்போ, அந்த நெஞ்சுரத்தை நான் மதிக்கிறேன். நீங்கள் அந்த அவையில் 1917இல் இருந்திருந்தால் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டிருப்பீர்கள்? காரணத்தோடு கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன். 1941 கதை அடுத்த வீடியோவில் வருகிறது, சேனலை சப்ஸ்கிரைப் செய்துவையுங்கள்.