ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

தலைமை ஏற்றிருக்கும் புலவர் ஐயா அவர்களே, மாடி அறையை வாடகை வாங்காமல் தந்த நூலகர் அம்மா அவர்களே, மழையில் நனைந்தபடி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கவுன்சிலர் அவர்களே, சால்வைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்த வாசகர் வட்டத் தம்பிகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் தேநீர் நேரத்தில் திட்டிக்கொள்ளலாம்.

ஜப்பான் தன் அண்டை நாடுகளோடு எப்படிப் பழகுகிறது என்று பேசச் சொன்னார்கள். சீனா, தென்கொரியா, ரஷ்யா என்று மூன்றையும் பார்த்துவிடுவோம். என் அப்பத்தா அடிக்கடி சொல்வார், "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று. ஜப்பான் பணத்தை மட்டுமல்ல, மன்னிப்பையும் அளந்துதான் போடும்.

1971இல் அமெரிக்க அதிபர் நிக்சன், தான் சீனாவுக்குப் போகப்போவதாகத் திடீரென்று அறிவித்தார். கூட்டாளியான ஜப்பானிடம் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. அதுவரை சீனாவோடு தூதரக உறவே இல்லாமல் இருந்த ஜப்பான் பதறிப்போய், மறு ஆண்டு செப்டம்பரில் பிரதமர் தனாகாவை பெய்ஜிங்குக்கு அனுப்பியது. பெரிய விருந்து. எதிரே சீனப் பிரதமர் சூ என்லாய். தனாகா எழுந்து, போர்க்காலத்தில் சீன மக்களுக்கு "மெய்வாக்கு" கொடுத்துவிட்டோம், வருந்துகிறோம் என்றார். நம்ம ஊர் மெய் வாக்கு இல்லை ஐயா, சிரிக்காதீர்கள்! ஜப்பானிய மொழியில் அது தொந்தரவு. கொஞ்சம் கனமாகவும் சொல்லலாம், லேசாகவும் சொல்லலாம். சீனத்தில் பெயர்த்தபோது அது "மாஃபன்" ஆகிவிட்டது. பஸ்ஸில் காலை மிதித்துவிட்டுச் சொல்வோமே, அந்தக் கணக்கு. மண்டபம் உறைந்துபோனது. தெரியாமல் ஒரு பெண்ணின் பாவாடையில் தண்ணீர் தெளித்துவிட்டால் சொல்லும் வார்த்தை அல்லவா இது என்று சூ என்லாய் மறுநாள் கேட்டார். லட்சக்கணக்கில் செத்தவர்களுக்கு இதுதானா? அப்புறம் மாவோ தனாகாவைப் பார்த்து, "சண்டை முடிந்ததா?" என்று விசாரித்ததாகச் சொல்வார்கள். செப்டம்பர் 29இல் வந்த கூட்டறிக்கையில் ஜப்பான் தன் பொறுப்பை உணர்ந்து ஆழ்ந்து வருந்துவதாக எழுதினார்கள். சீனா போர் இழப்பீட்டை விட்டுக்கொடுத்தது. ஜப்பான் தைவானோடு தூதரக உறவை முறித்தது. 1978இல் போட்ட வர்த்தக ஒப்பந்தப்படி, சீனத்து எண்ணெயும் நிலக்கரியும் ஜப்பானுக்கு. ஜப்பானிய இயந்திரங்கள் சீனாவுக்கு. அளந்து போட்டார்களா இல்லையா?

தென்கொரியக் கதையும் அதேதான். கொரியாவை ஜப்பான் ஆண்ட காலத்துக் கணக்கைத் தீர்க்கப் போட்ட 1965 ஒப்பந்தத்தில் 30 கோடி டாலர் நன்கொடை, 20 கோடி டாலர் கடன். ஆனால் ரொக்கமாக இல்லை. ஜப்பானியப் பொருளாகவும் சேவையாகவும்! கொடுத்தது கொரியாவுக்கு, வேலை ஜப்பானிய ஆலைக்கு. அப்பத்தா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். கட்டாய உழைப்புக்கு ஆளான கொரியர்களுக்கு இழப்பீடு தரச் சொல்லி 2018இல் கொரிய நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, "அதெல்லாம் 1965லேயே முடிந்தது" என்று ஜப்பான் நின்றதும் அதே அளவுகோலால்தான்.

சரி, நான் எதற்கு ஒரு சொல்லை இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறேன்? தொந்தரவா, பாவமா என்று எடைபோட்டுச் சொல்ல நம்மிடம் ஆள் வேண்டும். ஜப்பானிய நூல் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் தமிழுக்கு வருகிறது. இரண்டு முறை வடிகட்டிய காப்பி அது, மணம் எங்கே இருக்கும்? ஜப்பானிய வகுப்பு நடத்த வேண்டும் என்று நான் ஊர் ஊராகக் கேட்டுவருகிறேன். இங்கே என்றால் இந்த மாடியிலேயே ஞாயிறு மாலைகளில் நடத்தலாம். கவுன்சிலர் ஐயா, கரும்பலகையும் இரண்டு மின்விசிறியும் போதும்.

ரஷ்யா... புலவர் ஐயா துண்டுச் சீட்டு நீட்டிவிட்டார். ரஷ்யா கையில் இருக்கும், ஜப்பான் தன்னுடையது என்று கேட்கும் நான்கு தீவுகளுக்காகச் சண்டை, ரஷ்யாவின் சகாலின் தீவு எரிவாயுவுக்காகச் சமாதானம். மீதி இன்னொரு நாள். வாசல் மேசையில் வகுப்புக்கான நோட்டு இருக்கிறது. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிட்டுத் தேநீர் எடுத்துக்கொள்ளுங்கள்.