கேமுக்கும் கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கும் ஒரே கம்ப்யூட்டர்: ஆற்காடு நண்பரின் கேள்வி

சரி, அடுத்த கேள்வி. ஆற்காட்டில் இருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்கிறேன். "அண்ணே, நான் கல்யாண வீடியோ எடுக்கிறேன். பிரீமியர் புரோ என்ற மென்பொருளில் எடிட்டிங். ராத்திரி ஆனால் தம்பி அதே சிஸ்டத்தில் உட்கார்ந்து கேம் விளையாடுவான். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றாகப் போட்டுவிடலாம் என்று கடையில் கொட்டேஷன் வாங்கினேன். கேமரா 10 பிட், 4:2:2 எச்.265 ஃபைல் கொடுக்கும். இந்தக் கொட்டேஷன் சரிப்படுமா?" கொட்டேஷனையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். கடைப் பெயரை மறைத்துவிட்டேன், அது நமக்கு எதற்கு.

படிக்கிறேன். ஐ5 14400எஃப் பிராசஸர். ரேம் 16 ஜிபி, ஒரே ஸ்டிக். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி. 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்டு டிஸ்க். எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) என்ற இடத்தில் வெறுமனே "500 வாட்" என்று இருக்கிறது, கம்பெனி பெயரே இல்லை. கடைசி வரியைப் பாருங்கள்: முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட், கலர் லைட் ஃபேன் ஆறு.

மண்டப வாசலில் சீரியல் செட் ஜொலிக்கிறது, உள்ளே பந்தியில் ரசத்தோடு இலையை மூடச் சொல்கிறார்கள். அந்த மாதிரி ஒரு கொட்டேஷன் இது.

தம்பியின் கேமுக்கு மட்டும் என்றால் இது ஓடும், நன்றாகவே ஓடும். பொய் சொல்லக் கூடாது. ஆனால் வீட்டுக்குச் சோறு போடுவது உங்கள் எடிட்டிங். அதில்தான் இந்த சிஸ்டம் மாட்டிக்கொள்ளும்.

ஏன் என்று சொல்கிறேன். எல்லோரும் கம்ப்யூட்டர் போடும்போது கிராபிக்ஸ் கார்டில் இருந்து ஆரம்பிக்கிறார்கள். எடிட்டிங் செய்பவர் கேமராவில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். உங்கள் கேமரா என்ன ஃபைல் கொடுக்கிறதோ, அதைப் பிரித்துக் காட்ட உங்கள் சிஸ்டத்துக்குள் ஆள் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

8 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 10 பிட் என்றால் 1024 படிகள். அரக்குப் பட்டுப்புடவையின் மேல் மண்டபத்து லைட் விழும்போது, கலர் கரெக்‌ஷனில் இழுத்தால் பட்டை பட்டையாகப் பிரியாமல் இருப்பது இதனால்தான். 4:2:2 என்றால், வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகப் பதிவாகும், நிறத்தை மட்டும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டிரண்டாகப் பங்கு போட்டுக்கொள்ளும். சாதாரண 4:2:0 ஃபைலில் நான்கு புள்ளிக்கு ஒரு நிறம். ஆக, நீங்கள் எடுப்பது நல்ல ஃபைல். அதில் குறை இல்லை.

ஆனால் எச்.265 என்பது நெருக்கிக் கட்டிய மூட்டை. ஒரு ஃபிரேமைக் காட்ட வேண்டும் என்றால் அதற்கு முன்னால் பின்னால் இருக்கிற ஃபிரேம்களையும் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் விரிக்க முடியும். இந்த வேலைக்கென்றே சிப்புக்குள் தனியாக ஒரு டீகோடர் இருக்கும். அதற்கு உங்கள் ஃபைல் புரிந்தால் டைம்லைன் வெண்ணெய் மாதிரி வழுக்கும். புரியாவிட்டால் மொத்த மூட்டையும் பிராசஸர் தலையில் விழும், இரண்டு கேமரா ஆங்கிள் வைத்த உடனே படம் திக்கித் திக்கி ஓடும்.

இப்போது கொட்டேஷனுக்கு வாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4060, அதாவது 40 சீரிஸ் வரைக்கும் என்விடியா டீகோடருக்கு 4:2:2 தெரியாது. கார்டு எவ்வளவு பெரியது என்பது கணக்கில்லை, 4090 போட்டாலும் இதே கதைதான். 10 பிட் 4:2:2 எச்.265 ஃபைலை இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் ஆன்போர்டு கிராபிக்ஸ் 11வது தலைமுறையில் இருந்தே விரிக்கும். குவிக் சிங்க் என்பார்கள். கடைக்காரர் கொடுத்தது 14400எஃப். அந்த எஃப் என்ற எழுத்துக்கு அர்த்தமே ஆன்போர்டு கிராபிக்ஸ் கிடையாது என்பதுதான். கொஞ்சம் பணம் மிச்சம் என்று உங்களுக்குத் தேவையான ஒரே உறுப்பை எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கிறார். அவரைத் திட்டவும் முடியாது. கேமிங் என்று கேட்டிருப்பீர்கள், கேமிங்குக்குக் கொடுத்தார்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எஃப் இல்லாத இன்டெல். ஐ5 14500 எடுத்தால் 14 கோர், அதில் வீடியோவை விரிக்கிற எஞ்சின் இரண்டு இருக்கிறது. 14400இல் ஒன்றுதான். கார்டை மாட்டிய பிறகு சில மதர்போர்டுகள் ஆன்போர்டு கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை செட்டிங்கில் போய் அதை மறுபடி ஆன் செய்ய வேண்டும். இதைச் செய்யாமலேயே "குவிக் சிங்க் வேலை செய்யவில்லை" என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. 14600கே மாதிரி பெரிய பிராசஸருக்குப் போனால் பயாஸை அப்டேட் செய்துவிட்டுத்தான் வேலை ஆரம்பிக்க வேண்டும். 13, 14வது தலைமுறையில் வோல்டேஜ் அதிகமாகப் போய்ச் சிப் கெட்டுப்போன பிரச்சினைக்கு இன்டெல் 2024இல் திருத்தம் விட்டது, வாரண்டியையும் இரண்டு வருஷம் கூட்டியது.

இரண்டாவது வழி, 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ் கார்டு. இதில் டீகோடருக்கே 4:2:2 தெரியும். எச்.265 மட்டும் இல்லை, எச்.264இல் வரும் 10 பிட் 4:2:2வும் ஓடும். 12 முதல் 14 வரைக்குமான இன்டெல்லால் அந்த எச்.264 ஃபைலை விரிக்க முடியாது. கேமராவில் மோடு மாற்றி எடுக்கும் பழக்கம் இருந்தால் இதைக் கவனியுங்கள். பிரீமியரும் 2025 அப்டேட்டுக்கு மேல் இருக்க வேண்டும், பழைய வெர்ஷன் வைத்துக்கொண்டு கார்டைக் குறை சொல்லாதீர்கள். கூட வேலை செய்கிறவர் வேறு கேமரா வைத்திருந்தால் அவர் ஃபைலை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள், 4:2:0வா 4:2:2வா என்று அங்கேயே எழுதியிருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவது வழிதான். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி. கவனம், இதே பெயரில் 8 ஜிபியும் வருகிறது. பெட்டியில் 16 என்று பார்த்து வாங்குங்கள். மங்கலான மண்டபத்தில் எடுத்த ரிசப்ஷனில் தெரியும் புள்ளி புள்ளியான இரைச்சலைக் குறைக்க நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் கார்டின் மெமரியை அது தின்றுவிடும், 4கே டைம்லைனில் 8 ஜிபி சீக்கிரம் நிறைந்துவிடும். கூடவே ஏஎம்டி பிராசஸர், ரைசன் 7 7700 அல்லது 9700எக்ஸ். எட்டு கோர், 65 வாட். பிராசஸர் உட்காரும் சாக்கெட் ஏஎம்5 என்பதால் நாளைக்குப் பிராசஸரை மட்டும் மாற்றலாம், 2027 வரைக்குமாவது அந்த சாக்கெட்டை விடமாட்டோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 14வது தலைமுறை இன்டெல் போர்டில் அதற்கு மேல் போக இடமில்லை. அப்புறம், தம்பி "எக்ஸ்3டி பிராசஸர் வாங்கு" என்று நச்சரிப்பான். அதில் கூடுதலாக இருப்பது கேஷ் மெமரி, கேமுக்கு அருமை. உங்கள் எக்ஸ்போர்ட் அதனால் வேகமாகாது. அந்தப் பணத்தை எஸ்எஸ்டியில் போடுங்கள். கேம் பற்றி நான் இதற்கு மேல் பேசவே தேவையில்லை, இந்தக் கார்டில் அவனுக்குக் குறை வராது. அவன் வினாடிக்கு 60 தடவை மட்டும் படம் மாற்றும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் விளையாடுகிறான் என்றால் அதுதான் அவனுடைய குறை.

ரேம் 32 ஜிபி, 16 ஜிபி ஸ்டிக் இரண்டாக. ஒரே ஸ்டிக்காக வாங்கினால் டேட்டா போகும் பாதை பாதியாகிவிடும். நான்காகவும் போடாதீர்கள், ஏஎம்5இல் நான்கு ஸ்டிக் போட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிடிஆர்5 6000 எடுத்து, பயாஸில் எக்ஸ்போ என்ற ரேம் வேக செட்டிங்கை ஆன் செய்தால்தான் அந்த 6000 வரும். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: ஏஎம்5 சிஸ்டத்தை முதல் முறை ஆன் செய்தால் சில நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கும். ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கும். காட்பாடியில் ஒரு பையன் இதைப் பார்த்துப் பயந்து மூன்று தடவை ஸ்விட்சை அணைத்துப் போட்டு, போர்டு செத்துவிட்டது என்று ஆட்டோவில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். மேஜையில் வைத்து ஆன் செய்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தோம், ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டோரேஜுக்கு ஒரு கணக்கு. வினாடிக்கு 100 மெகாபிட் ஃபைல் என்றால் மணிக்கு 45 ஜிபி. ரிசப்ஷன் ராத்திரியும் முகூர்த்தக் காலையும் சேர்த்து ஆறு மணி நேரம், இரண்டு கேமரா. 540 ஜிபி ஆகிவிட்டது. ஒரே கல்யாணம்! கொட்டேஷனில் இருக்கும் 1 டிபி, ஆவணி மாதத்தில் ஒரு வாரம் தாங்குமா? விண்டோசுக்கும் மென்பொருளுக்கும் ஒரு 1 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி), ஓடுகிற வேலைக்குத் தனியாக ஒரு 2 டிபி என்விஎம்இ. அதில் நான்காம் தலைமுறையான ஜென் 4 போதும், ஜென் 5 வேண்டாம், சூடுதான் மிச்சம். ஹார்டு டிஸ்க் முடிந்த வேலையைப் போட்டு வைக்க மட்டும். இரண்டு கேமரா ஃபைலை ஒரே நேரத்தில் கேட்டால் அதன் ஊசி அங்கும் இங்கும் ஓடியே களைத்துவிடும். மெமரி கார்டை அழிப்பதற்கு முன்னால் இரண்டு இடத்தில் காப்பி இருக்க வேண்டும். தாலி கட்டுவதைத் திரும்ப எடுக்க முடியாது.

இனிமேல்தான் எனக்குக் கோபம் வருகிற இடம். அந்தப் பெயரில்லாத எஸ்எம்பிஎஸ். ஆரம்ப காலத்தில் நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒருவருக்குப் பட்ஜெட் இடிக்கிறது என்று கேபினெட்டோடு சும்மா வந்த எஸ்எம்பிஎஸ்ஸையே மாட்டிக்கொடுத்தேன். ஒரு மழை நாள் கரண்ட் போய்ப் போய் வந்ததில் அது போனது. தான் மட்டும் போகவில்லை, போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. போர்டுக்கு நான் பணம் கொடுத்தேன். டிஸ்க்கில் இருந்த அவர் மகளின் காதுகுத்து வீடியோவுக்கு என்னத்தைக் கொடுப்பது? அன்றிலிருந்து அந்த வகை என் கடைக்குள்ளேயே வருவதில்லை. உங்கள் கார்டு 180 வாட், பிராசஸர் முழு வேகத்தில் 90 வாட்டை ஒட்டி, மற்றதெல்லாம் சேர்த்தால் 350க்குள் அடங்கும். ஆனாலும் கார்டு நொடிக்குள் திடீரென்று அதிகமாக இழுக்கும். ஆகவே பெயருள்ள கம்பெனியில் 650 வாட், 80 பிளஸ் கோல்டு என்ற, கரண்டை வீணாக்காத தரச் சான்று உள்ளது. அப்புறம், வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்றால் எர்த் இல்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

யூபிஎஸ் வாங்கும்போது மேலே எழுதியிருக்கும் விஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான். எக்ஸ்போர்ட் ஓடும்போது கரண்ட் போனால் நூலில் தொங்கும். 1000 விஏவுக்குப் போங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்புவதாக இருந்தால் அது கொடுப்பது சீரான அலையாக வரும் கரண்ட், அதாவது சைன் வேவ்தானா என்று பாருங்கள்.

இப்போது அந்தக் கண்ணாடிக் கேபினெட். நம் வேலூரைப் பற்றிச் சொல்வார்களே, மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று. பகல் முழுக்க அந்த மொட்டைப் பாறை வெயிலைக் குடித்து ராத்திரி நம் மேல் கக்குகிறது. கத்திரியில் 40 டிகிரிக்கு மேல் போகிற ஊர். ஏசி இல்லாத மாடி அறையில், முன்னால் காற்றே நுழையாத ஒரு பெட்டிக்குள் கார்டை அடைத்துவிட்டு ஆறு ஃபேன் சுற்றி என்ன பிரயோஜனம்? உள்ளே இருக்கிற அனலையே சுற்றிச் சுற்றி விடும். முன்பக்கம் வலை வைத்த கேபினெட், முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. பிராசஸருக்கு ஒரு நல்ல டவர் கூலர். 65 வாட் சிப்புக்கு வாட்டர் கூலிங் தேவையில்லை. ரோட்டோரத்து வீடு என்றால் மாதம் ஒரு தடவை வலையைக் கழற்றித் தூசி தட்டுங்கள்.

ரூபாய்க் கணக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்த பிறகு வீடியோவில் விலை சொல்வதையே விட்டுவிட்டேன். பட்ஜெட் இடித்தால் முதல் வழிக்கு வாருங்கள்: 14500 போட்டு, கார்டை ஆறு மாதம் கழித்து வாங்குங்கள். எடிட்டிங் ஆன்போர்டிலேயே ஓடும், தம்பி அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் இன்றைக்கே 650 ஆக எடுத்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது என்றால், காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போவதில் தப்பில்லை. ஆனால் ஜிஎஸ்டி பில்லில் கார்டின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள், மூன்றாவது வருஷம் வாரண்டிக்குப் போகும்போது கையில் ஒன்றும் இருக்காது. திரும்புகிற ரயிலில் கேபினெட்டை மேல் பெர்த்தில் வைக்காதீர்கள், கார்டைத் தனிப் பெட்டியிலேயே வைத்து மடியில் கொண்டுவாருங்கள். மாட்டுவதற்கு ஆள் இல்லை என்றால் சத்துவாச்சாரியில் என் கடைக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து குடியாத்தத்தில் இருந்து ஒரு அக்கா, இங்க் டேங்க் பிரிண்டரில் கோடு கோடாக வருகிறது என்கிறார்.