ஒரு வேன், ஆறு பேர், ஓயாத சண்டை: குடும்பப் படத்தில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

(திரையில்: பாம்பன் சாலைப் பாலம், கீழே வரிசையாகப் படகுகள். குரல் மட்டும்.)

வணக்கம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் ராமநாதபுரம் கடற்கரையில் குறும்படம் எடுக்கும் தம்பி, தங்கைகளுக்காக இந்த வீடியோ. நான் பார்த்த படங்களில் பெரும்பாலும் கடல், புயல், எல்லைப் பிரச்சினைதான். எல்லாம் சொல்ல வேண்டிய கதைகள்தான். ஆனால் அந்தப் படகுக்காரர் வீட்டுக்குள் நடக்கும் கதையை ஏனோ யாரும் தொடுவதில்லை. எனக்கு அதுதான் வேண்டும். அதற்காக இன்று ஒரு படத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

(திரையில்: மஞ்சள் வேனின் கோட்டோவியம்.)

2006-இல் வந்த 'லிட்டில் மிஸ் சன்ஷைன்'. எழுதியவர் மைக்கேல் ஆர்ன்ட். இயக்கியவர்கள் ஜோனதன் டேட்டன், வேலரி ஃபாரிஸ் தம்பதி. இசை வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அவர்களுக்கு இதுதான் முதல் படம். செலவு சுமார் 80 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சின்னத் தொகை. 30 நாளில் படப்பிடிப்பை முடித்தார்கள். அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டதும் ஒரு கோடி டாலருக்கு மேல் விலைபோனது. பிறகு இரண்டு ஆஸ்கர்: திரைக்கதைக்கு ஒன்று, தாத்தாவாக நடித்த ஆலன் ஆர்கினுக்கு ஒன்று.

ஆலிவ் என்ற சிறுமி கலிபோர்னியாவில் நடக்கும் அழகுப் போட்டிக்குப் போக வேண்டும். மொத்தக் குடும்பமும் ஒரு பழைய வேனில் கிளம்புகிறது. கதை அவ்வளவுதான்.

அப்பா, வெற்றிக்கு ஒன்பது படி என்று வகுப்பெடுக்கிறார். அவருக்கே எதுவும் கூடி வரவில்லை. அண்ணன், விமானி ஆகப் போகிறவன், அதுவரை வாய் திறப்பதில்லை என்று சபதம் போட்டிருக்கிறான். தாத்தா, போதைப் பழக்கத்தால் முதியோர் இல்லத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். தாய்மாமன், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்து, இப்போதுதான் மருத்துவமனையிலிருந்து வந்திருக்கிறார். இத்தனை பேரையும் இழுத்துப் பிடித்து நிற்பவள் அம்மா.

தொடக்கத்தில் ஒரு இரவுச் சாப்பாட்டுக் காட்சி வரும். அதை மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள். கடையில் வாங்கிய பொரித்த கோழி மேசைக்கு வருகிறது. தினமும் இதேதானா என்று தாத்தா கத்துகிறார். ஆலிவ் மாமாவின் மணிக்கட்டில் இருக்கும் கட்டைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்கிறாள். பேச்சை மாற்றப் பார்க்கிறார் அப்பா. மறைக்க வேண்டாம் என்கிறாள் அம்மா. மாமாவும் குழந்தைக்கு மறைக்காமல் பதில் சொல்கிறார். இந்தக் காட்சியில் யாரும் ஜோக் அடிக்கவில்லை. ஆளுக்கொரு கவலையோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதிலேயே நமக்குச் சிரிப்பு வருகிறது, அடுத்த நொடி தொண்டையும் அடைக்கிறது. காமெடிக்கென்று தனியாக ஒரு ஆளை வைத்தால் இது நடக்காது.

அப்புறம் அந்த வேன். வழியில் கிளட்ச் போய்விடுகிறது. இனி எங்கே நின்றாலும் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். வேகம் பிடித்ததும் ஒவ்வொருவராக ஓடிவந்து ஏற வேண்டும். ஒருவரை ஒருவர் பிடிக்காதவர்கள்தான். ஆனால் தள்ளாவிட்டால் வண்டி நகராது. "நாம் ஒரே குடும்பம்" என்ற வசனத்தின் வேலையை அந்த ரிப்பேர் வண்டி செய்துவிடுகிறது. கடைசிவரை யாருடைய பிரச்சினையும் முழுசாகத் தீர்வதில்லை என்பதையும் கவனியுங்கள்.

(திரையில்: கரையேறி நிற்கும் விசைப்படகுகள், காயும் வலைகள்.)

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. எப்போதும் கடலே கதி என்று இருந்த அப்பா இரண்டு மாதம் முழுக்க வீட்டில். அம்மா கருவாடு விற்ற காசில் அடுப்பு எரிகிறது. அதுவரை பைசா பைசாவாகக் கணக்குக் கேட்டவர், டீ குடிக்க அம்மாவிடம் கை நீட்ட வேண்டும். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாயை எடுத்து, கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருக்கிறாள். இங்கே வில்லன் எதற்கு?

வேன் இல்லையே என்று யோசிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். அன்றைக்கு வல்லத்தை, அதாவது நாட்டுப் படகை, மேட்டுக்கு இழுத்தே ஆக வேண்டும். சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் தங்கை, அவளைக் கூட்டிப்போக வந்து திண்ணையிலேயே நிற்கும் மாப்பிள்ளை. நாலு பேரும் ஒரே கயிற்றைப் பிடிக்கிறார்கள். "மச்சான், கொஞ்சம் தள்ளிப் பிடிங்க" என்பதுதான் அந்த வருடம் மாப்பிள்ளையிடம் மைத்துனன் பேசும் முதல் வார்த்தை. இழுத்து முடித்ததும் பழையபடி சண்டை தொடங்கட்டும். ராசியாக்கிவிடாதீர்கள்.

படமாக்கும்போது ஒன்று. நம் கரையில் காற்று வசனத்தை விழுங்கிவிடும், ஆனி, ஆடியில் கேட்கவே வேண்டாம். மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை இல்லாமல் போகாதீர்கள். சண்டை வசனங்களை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வல்லம் இழுக்கும் இடத்துக்கு அந்த ஒரு வரி போதும். மற்றபடி யார் கயிற்றை எந்தப் பக்கம் பிடிக்கிறார்கள், யார் முதலில் கையை விடுகிறார்கள் என்பதை மட்டும் ஸ்கிரிப்டில் எழுதுங்கள்.