கெளுத்திக்கு வைத்த ஈரலை ஆமை தின்கிறதா? தூண்டில் போடுவதற்கு முன் மூக்கை எண்ணுங்கள்!

[திரையில்: ஏரித் தண்ணீர். ஒரு தக்கை மெல்லச் சாய்ந்து பக்கவாட்டில் நகர்கிறது.]

இந்தத் தக்கையை நன்றாகப் பாருங்கள். முங்கவில்லை, துள்ளவில்லை. யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல நகர்கிறது. இப்போது சுண்டி இழுத்தால் என்ன வரும்?

வெறும் தூண்டில் முள்தான் வரும். ஈரல் போயிருக்கும்.

வணக்கம் நண்பர்களே. காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு சாயங்காலம் எனக்கு இப்படி ஏழு ஈரல் துண்டுகள் போயின. ஏழும் ஆமைக்கு. அன்றைக்குக் கெளுத்தி ஒன்றுகூட வரவில்லை. அதற்குப் பிறகு நான் தெரிந்துகொண்டதை எல்லாம் இந்த வீடியோவில் சொல்லிவிடுகிறேன். ஏழாவது துண்டு போன பிறகு பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வியும் இதில் வரும். இன்றைக்கு வரை எனக்கு மிகவும் பயன்பட்டது அந்த ஒரு கேள்விதான்.

முதலில் கொஞ்சம் அடிப்படை, வேகமாகப் பார்த்துவிடலாம். நம் பக்கத்து ஏரிகளில் தூண்டிலுக்கு வரும் மீசை மீன்கள் கெளுத்தி, தேளி, பெரிய நீர் என்றால் வாளை. இரையைத் திருடும் ஆமை பெரும்பாலும் பால் ஆமை. ஓடு தோல் போர்த்தியது போல வழவழப்பாக இருக்கும். பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டால் அடியில் இருக்கும் தோல் மடல்கள் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். சில குளங்களில் காராமையும் உண்டு. நத்தை, தவளை, மீன், செத்த பிராணி, நீர்ச்செடி என்று எது கிடைத்தாலும் பால் ஆமை தின்னும். அப்படிப்பட்ட உயிரின் முன்னால் ரத்தம் சொட்டும் கோழி ஈரலைத் தரையில் போட்டு வைத்தால் அது வராமல் என்ன செய்யும்?

[திரையில்: வெடித்துக் கிடக்கும் ஏரித் தரை. அடுத்து அதே ஏரி, நிறைந்த தண்ணீருடன்.]

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பழைய வடார்க்காடு மாவட்டம் முழுக்க ஏரி மாவட்டம். அதில் ஒரு பகுதியான வேலூர் மாவட்டத்தை 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஆனால் ஏரிகளின் குணம் மூன்றிலும் ஒன்றுதான். சித்திரை, வைகாசியில் பல ஏரிகளில் மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே இடம் கடல் மாதிரி நிற்கும். பாலாறும் அப்படித்தான். வருஷக்கணக்கில் வெறும் மணலாகக் கிடந்த ஆற்றில் 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் வெள்ளம் போனதை நாம் எல்லோரும் பாலத்தில் நின்று பார்த்தோம்.

அப்படியானால் கேள்வி இதுதான். நாலு மாதம் சொட்டுத் தண்ணீர் இல்லாத ஏரியில், நிறைந்ததும் ஆமை எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை. அங்கேயேதான் இருந்தது. தண்ணீர் வற்ற வற்றப் பால் ஆமை சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். சேறு காய்ந்து மேலே வெடித்தாலும், உள்ளே உடம்பின் வேலைகளைக் குறைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். சில ஆமைகள் இடம் மாறித் தரைவழியே அடுத்த குட்டைக்கும் நடக்கும். நீங்கள் வைகாசியில் பந்து பொறுக்கிய இடத்துக்குக் கீழே ஒரு ஆமை மழைக்காகக் காத்திருந்திருக்கலாம்! நினைத்துப் பார்த்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

தூண்டில்காரர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மாதக்கணக்கில் பட்டினி கிடந்த ஆமை, ஏரி நிறைந்ததும் எழுந்து வரும். அதனால் புதுத் தண்ணீர் வந்த முதல் சில வாரங்களில் ஆமைத் தொல்லை மிக அதிகம். நானாக இருந்தால் அந்த வாரங்களில் ஈரலையே கையில் எடுக்க மாட்டேன்.

சரி, பெரியவர் கதைக்கு வருகிறேன். ஏழாவது ஈரல் போனதும் அவர் தன் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னா நைனா, குந்துறதுக்கு முன்னாடி மூக்கு எண்ணினியா?"

எனக்குப் புரியவில்லை. "எந்த மூக்குங்க?" என்றேன்.

கையை நீட்டி, நீர்ச்செடி ஓரமாக ஒரு இடத்தைக் காட்டினார். முதலில் குச்சி என்றுதான் நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குச்சி சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் மதகுப் பக்கம் ஒன்று. நான் தூண்டில் போட்டிருந்த இருபதடிக்குள் மூன்று மூக்குகள்!

[திரையில்: தண்ணீர்ப் பரப்பில் ஒரு சிறு கருப்புப் புள்ளி. வட்டமிட்டுக் காட்டவும்.]

ஆமைக்கு நுரையீரல். தண்ணீருக்குள் தொண்டை வழியாகவும் தோல் வழியாகவும் பால் ஆமை கொஞ்சம் உயிர்க்காற்றை எடுத்துக்கொள்ளும் என்றாலும், நடமாடி இரை தேடும் ஆமை மேலே வந்து மூச்சு வாங்கித்தான் ஆக வேண்டும். அதன் மூக்கு குட்டிக் குழாய் மாதிரி நீண்டிருக்கும். அந்த நுனியை மட்டும் நீட்டி, மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கிவிடும்.

இங்கே ஒரு குழப்பம் வரும், கவனியுங்கள். தேளியும் விராலும்கூடக் காற்றுக்காக மேலே வரும் மீன்கள்தான். எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? மீன் வந்தால் "பளக்" என்று ஒரு சத்தம், ஒரு வளையம், அதற்குள் ஆள் மறைந்துவிடும். நீங்கள் பார்ப்பது மீனை அல்ல, அது விட்டுப்போன வளையத்தைத்தான். ஆமையின் மூக்கு நிற்கும். சில நொடிகள் அசையாமல் நின்று, வளையமே இல்லாமல் நேராக அமிழும். வளையம் என்றால் மீன், குச்சி என்றால் ஆமை. இரண்டு நாள் பார்த்தால் கண் பழகிவிடும்.

ஆகவே கரைக்குப் போனதும் பையைத் திறக்காதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீரை மட்டும் பாருங்கள். இரண்டு மூக்குக்கு மேல் தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள். சேறும் செடியும் உள்ள ஆழமில்லாத ஓரம், வெயில் காய வாகான பாறை, ஆகாயத்தாமரை அடர்ந்த மூலை, இதெல்லாம் ஆமையின் வீடு. மதகுக்குப் பக்கத்து ஆழம், கலிங்கு வழியும்போது தண்ணீர் ஓடும் இடம், இங்கெல்லாம் ஆமை குறைவு. கெளுத்திக்கு ஓட்டத்தில் வரும் இரை பிடிக்கும். நடுவில் ஆமை உங்களைக் கண்டுபிடித்துவிட்டால் பிடிவாதம் வேண்டாம், நூறு அடி நகருங்கள். "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்கிற பழமொழியை வீட்டு விஷயத்தில் நான் ஏற்க மாட்டேன், பாவம் அந்த ஜீவன். தூண்டில் போட்ட இடத்துக்கு வேண்டுமானால் பொருந்தும்.

இந்த மூக்கு விஷயம் உங்களுக்குப் புதிது என்றால் ஒரு லைக் போடுங்கள். உங்களோடு மீன் பிடிக்க வரும் நண்பருக்கும் அனுப்புங்கள். அடுத்தது நேரம்.

ஆமையின் உடம்புச் சூடு வெளிச்சூட்டைப் பொறுத்தது. வெயில் காய்ந்து, சூடேறிய பிறகுதான் சுறுசுறுப்பு. காலையும் மாலையும் அதற்கு முக்கியமான சாப்பாட்டு நேரம். கெளுத்தி வகை மீன்களுக்கு இருட்டுதான் வேட்டை நேரம். அவற்றின் மீசையில் மட்டுமல்ல, உடம்புத் தோல் முழுக்கச் சுவை அரும்புகள் இருக்கின்றன. நமக்கு வாய்க்குள் இருக்கும் நாக்கை உடம்பெல்லாம் போர்த்திக்கொண்டு நீந்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கண்ணே வேண்டாம், கும்மிருட்டில் கலங்கல் தண்ணீரில் இரையை வந்து எடுக்கும். அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்து ஏழு மணிக்குக் கிளம்புகிறவர்கள், ஆமைக்குப் பந்தி வைத்துவிட்டுக் கெளுத்தி வரும்போது வீட்டுக்குப் போகிறார்கள். ஒன்பது மணிக்கு மேல் போட்டுப் பாருங்கள். மார்கழி, தை மாதக் குளிர் இரவுகளில் ஆமை இன்னும் மந்தம். ஆனால் தனியாகப் போகாதீர்கள். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், கரையில் பாம்பு இருக்கும்.

இரையை எங்கே நிறுத்துவது? தரையில் கிடத்தாதீர்கள். முதலில் தூண்டில் நரம்பில் வெறும் ஈயத்தைக் கட்டி இறக்கி ஆழம் பாருங்கள். பிறகு இரை தரைக்கு இரண்டடி மேலே தொங்குகிற மாதிரி தக்கையை நகர்த்திக் கட்டுங்கள். ஆமை பெரும்பாலும் தரையோடு மேய்ந்துகொண்டு வரும். தொங்கும் இரையை அது எடுக்கவே எடுக்காது என்று சொல்ல மாட்டேன், தேடித் திரிய வேண்டியிருக்கும். கெளுத்திக்கு அந்த இரண்டடி ஒரு பொருட்டே இல்லை.

என்ன இரை? ஈரலும் குடலும் ரத்தவாடையால் ஆமையை இழுக்கும், முள்ளிலும் சரியாக நிற்காது. ஈரல்தான் வேண்டும் என்றால் உப்புப் போட்டு வெயிலில் அரை நாள் காயவைத்து இறுக்கிக்கொள்ளுங்கள், மேலே நூலும் சுற்றுங்கள். என் தேர்வு கோழித்தோல், இல்லையென்றால் தோலோடு வெட்டிய சிறு மீனின் வால்துண்டு. ஆமைக்குப் பல் கிடையாது, கிளி மூக்கு மாதிரி கொம்புத் தாடைதான். மெத்தென்ற ஈரலை அது ஒரே கடியில் எடுத்துவிடும். தோலை வெட்ட நேரமாகும், அதற்குள் தக்கை உங்களுக்குச் சொல்லிவிடும். கெட்டியாகக் கிண்டிய கேழ்வரகுக் களியும் நம் ஊரில் நல்ல இரை, செலவும் இல்லை. வாளைக்கு என்றால் உயிரோடு துள்ளும் சின்ன மீன்தான். ஓடுகிற மீனைத் துரத்துவதைவிடக் கிடக்கிற தீனியை எடுப்பதுதான் ஆமைக்கு எளிது.

இரை மீண்டு வந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், உற்றுப் பாருங்கள். ஓரம் கத்தரியால் வெட்டியது போலப் பிறை வடிவில் இருந்தால் ஆமை. நசுங்கிச் சொரசொரப்பாக இருந்தால் மீன் சப்பியது. தக்கை மெதுவாகச் சாய்ந்து நகர்ந்தால் ஆமை. இரண்டு தட்டுத் தட்டி, "விர்" என்று உள்ளே போனால் கெளுத்தி.

சிலர் பழைய குடலைக் கொஞ்சம் தள்ளிக் கொட்டி ஆமையை அங்கே இழுக்கிறார்கள். ஒரு மணி நேரம் பலன் தரும். ஆனால் மறுநாளும் அதே கரையில் எதிர்பார்த்து ஆமைகள் வந்து நிற்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஏரியின் மீன் உரிமை ஏலத்தில் போயிருக்கும், குத்தகைக்காரரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேலூர்க் கோட்டை அகழி தொல்லியல் துறையுடையது, அங்கே தூண்டிலோடு போகாதீர்கள்.

[திரையில்: துண்டு போர்த்திய ஆமை. கையில் கட்டிங் பிளையர்.]

கடைசியாக, ஆமை முள்ளில் மாட்டிவிட்டால்? தயவுசெய்து இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

நரம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. முள் தொண்டையைக் கிழித்துவிடும். வலையை அடியில் கொடுத்து மெல்லக் கரைக்குக் கொண்டுவாருங்கள். தலைமேல் ஈரத்துண்டைப் போடுங்கள், அமைதியாகும். பின்பக்கத்து ஓட்டைப் பிடியுங்கள். பால் ஆமையின் கழுத்து நீங்கள் நினைப்பதைவிட நீளம், திரும்பிக் கடிக்கும். முள் உதட்டில் தெரிந்தால் பிளையரால் அதன் கூர்முனையை நறுக்கிவிட்டுப் பின்பக்கமாக உருவுங்கள். விழுங்கிவிட்டது என்றால் உள்ளே நோண்டவே கூடாது. நரம்பை வாய்க்குப் பக்கத்தில் நறுக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், முள் கழலாமல் பிடிக்கும் சின்ன எதிர்முனையை வீட்டிலேயே பிளையரால் அமுக்கி மழுக்கிவிட்டுப் போங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் கெளுத்தி அப்போதும் வரும். தூண்டிலைக் கட்டிவைத்துவிட்டு டீ குடிக்கவும் போகாதீர்கள், ஆமை முள்ளை விழுங்குவது அப்போதுதான்.

பால் ஆமை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை. பிடித்தாலோ, வீட்டில் வைத்தாலோ, விற்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. மூலத்துக்கு ஆமைக்கறி நல்லது என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள், அது மருந்து இல்லை. நம் ஏரிகளில் செத்து மிதப்பதைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் உயிர் அது.

அன்று அந்தப் பெரியவரின் தூண்டிலிலும் ஒரு சின்ன ஆமை மாட்டியது. முள்ளை எடுத்துவிட்டு, தண்ணீர் ஓரத்தில் வைத்து, "போ கண்ணு" என்றார். அது போய்க் கொஞ்ச தூரத்தில் மூக்கை நீட்டியது. அவர் எழுந்து, சாமான்களை எடுத்துக்கொண்டு, மதகுப் பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். அன்று இரவு பத்தரை மணிக்கு அவருக்கு முழங்கை நீளத்தில் ஒரு கெளுத்தி கிடைத்தது.

உங்கள் ஊரில் பால் ஆமைக்கு என்ன பெயர், எந்த இரைக்கு ஆமை வருவதில்லை என்று கமெண்டில் எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் படிப்பேன்.